மூன்று பேர், வாரம் ஒரு மாலை: ஸ்னூக்கரா, பூலா?

மாலையாட்டம் எழுதியது:

வணக்கம். நானும் என் நண்பர்கள் இருவரும் நான்கு மாதங்களாக வாரத்துக்கு ஒரு மாலை, மேசையில் கோலால் பந்துகளை அடித்துக் குழிகளில் தள்ளும் ஸ்னூக்கர் ஆடி வருகிறோம். போட்டிகளில் கலந்துகொள்ளும் எண்ணம் எங்களில் எவருக்கும் இல்லை. வேலை முடிந்து வந்து, பேசிக்கொண்டே ஆடிவிட்டு வீடு திரும்புவதுதான் நோக்கம். ஆனால் ஓர் ஆட்டம் முடியவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. சிவப்புப் பந்து ஒன்றைக் குழியில் தள்ளிய கையோடு ஒரு வண்ணப் பந்தையும் தள்ளிவிட்டால், அன்றைக்கு அதுவே எங்களுக்குப் பெரிய சாதனை. அதே போலச் சிறிய மேசையில் ஆடும் பூலுக்கு மாறிவிடலாம் என்கிறார் ஒருவர். முடியாததைக் கண்டு ஓடுவதுதான் அது என்கிறார் மற்றவர். பூலில் இருவர் ஆடும்போது மூன்றாமவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே என்பது என் கவலை. தனியாகப் பயிற்சி எதுவும் செய்யாமல், ஆட்டத்தை ஆட்டமாகவே வைத்துக்கொண்டு ஓரளவு தேறுவதற்கு வழி உண்டா?

நீலம்ஐந்து எழுதியது:

குறை முழுவதும் உங்கள் கையில் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். பாதிக் காரணம் மேசை. முழு அளவு ஸ்னூக்கர் மேசை 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்டது. போட்டிகளில் பயன்படும் பூல் மேசை 9 அடிக்கு நாலரை அடிதான் என்பதால், ஸ்னூக்கரில் நீங்கள் சமாளிக்க வேண்டிய பரப்பு ஏறத்தாழ இரு மடங்கு. பந்தோ அமெரிக்கப் பூல் பந்தைவிடச் சிறியது, விட்டம் 52.5 மில்லிமீட்டர். கோலால் நாம் அடிக்கும் வெள்ளைப் பந்தின் திசை ஒரே ஒரு பாகை பிசகினாலும், இரண்டு மீட்டர் போய்ச் சேர்வதற்குள் அது மூன்றரை சென்டிமீட்டர் விலகிவிடும், அதாவது பந்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. போதாக்குறைக்கு ஸ்னூக்கர் குழிகளின் வாய் உள்நோக்கி வளைந்திருப்பதால், பூலில் ஓரத்தை உரசியபடியே உள்ளே விழுந்துவிடக்கூடிய பந்து இங்கே இருபுறமும் மோதி வெளியே வந்து நின்றுவிடுகிறது.

ஆகவே மேசையை மாற்றாமல் பந்துகளைக் குறைத்துப் பாருங்கள். 15 சிவப்புக்குப் பதிலாக 6 சிவப்பை மட்டும் முக்கோணமாக அடுக்கி, மஞ்சள் முதல் கருப்பு வரையான ஆறு வண்ணங்களையும் வழக்கமான இடங்களிலேயே வையுங்கள். இது போட்டிகளிலும் ஆடப்படும் முறைதான். ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய உச்சப் புள்ளி 147 என்பது 75 ஆகக் குறையும். ஆட்டத்தின் சுவை குறையாது.

பதினைந்தாம்பந்து எழுதியது:

மேலே சொன்ன கணக்கு சரி. முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. வாரம் ஒரு மாலை மட்டுமே ஆடுபவர்களுக்குப் பந்து குழியில் விழும் ஓசை அடிக்கடி காதில் விழ வேண்டும். அது பூலில்தான் கிடைக்கும். மூன்று பேருக்கென்றே அதில் 'கட் த்ரோட்' என்ற ஆட்டமும் இருக்கிறது. ஒருவருக்கு 1 முதல் 5 வரை, அடுத்தவருக்கு 6 முதல் 10 வரை, மூன்றாமவருக்கு 11 முதல் 15 வரை என்று பந்துகளைப் பிரித்துக்கொண்டு, பிறருடைய பந்துகளை ஒவ்வொருவரும் குழியில் தள்ள வேண்டும். எவருடைய பந்து கடைசியில் மேசையில் மிஞ்சுகிறதோ அவருக்கே வெற்றி. இருவர் கூடி மூன்றாமவரை ஒழித்துக்கட்டிவிட்டு, அடுத்த நொடியே ஒருவரை ஒருவர் குறிவைப்பதைப் பார்ப்பது தனி இன்பம்! வெள்ளைப் பந்து குழிக்குள் போய்விட்டால் அதை எங்கே வைத்து ஆடுவது என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். எங்கள் குழுவில் மூண்ட சண்டைகளில் பெரும்பாலானவை அந்த ஒன்றைப் பற்றியவைதான்.

வெள்ளைப்பந்து எழுதியது:

ஸ்னூக்கரா பூலா என்பதைவிட, தேற வழி உண்டா என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புதிதாக ஆடுபவர்கள் குறிபார்க்கும் பந்தையே கண்கொட்டாமல் பார்க்கிறார்களே தவிர, அடித்த பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. மோதும் கணத்தில் வெள்ளைப் பந்து உருளாமலும் சுழலாமலும் வழுக்கிக்கொண்டு வந்தால், அது மற்றப் பந்து செல்லும் பாதைக்குச் செங்குத்தான திசையில் விலகும். நேருக்கு நேர் மோதினால் அங்கேயே நின்றுவிடும். உருண்டு வந்து மோதினால் அந்தச் செங்கோட்டைத் தாண்டி முன்னால் வளைந்து போகும். இவ்வளவு தெரிந்துகொண்டு, அடிப்பதற்கு முன் "வெள்ளை அங்கே போய் நிற்கும்" என்று ஓர் இடத்தைச் சொல்லிவிட்டு அடியுங்கள். அதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது, பந்தயம்தான். தவறினால் சிரிக்க மற்ற இருவரும் இருக்கிறார்கள்.

சாக் கட்டியையும் மறக்க வேண்டாம். கியூ எனப்படும் ஆட்டக் கோலின் நுனித் தோலில் அதைப் பூசாமல் வெள்ளைப் பந்தின் மையத்தை விட்டு விலக்கி அடித்தால், நுனி வழுக்கிவிடும்.

முடியாததைக் கண்டு ஓடுவதாகக் குறைப்பட்டுக்கொண்ட நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். இந்த ஆட்டம் 1875-இல் ஜபல்பூரில் இருந்த ஆங்கில ராணுவ அதிகாரிகளிடையே பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. 'ஸ்னூக்கர்' என்பது ராணுவப் பயிற்சிப் பள்ளியின் முதலாண்டு மாணவரைக் கேலியாக அழைக்கும் சொல்லாம். ஆட்டத்தின் பெயரே கற்றுக்குட்டி என்றால், நாம் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

மாலையாட்டம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று முதலில் ஆறு சிவப்பு வைத்து ஸ்னூக்கர் ஆடினோம். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிறகு பூல் மேசைக்குப் போய்க் கட் த்ரோட் ஆடினோம். பூலே வேண்டாம் என்றவர்தான் "இன்னும் ஒரே ஓர் ஆட்டம்" என்று கடைசிவரை எங்களை விடவில்லை. வெள்ளைப் பந்து நிற்கும் இடத்தைச் சொல்லி அடிக்கும் பந்தயத்தில் நான் பதினொரு முறை சொல்லி இரண்டு முறைதான் வென்றேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது: ஸ்னூக்கரில் தவறான ஆட்டத்துக்கு எதிராளிக்குக் குறைந்தது நான்கு புள்ளிகள் தர வேண்டுமே, மூவர் ஆடும்போது அவை யாருக்குப் போகும்?

நீலம்ஐந்து எழுதியது:

எங்கள் வழக்கத்தில் எவருக்கும் கொடுப்பதில்லை. தவறியவரின் கணக்கிலிருந்தே கழித்துவிடுகிறோம். போன வாரம் ஒருவர் கழித்தல் பன்னிரண்டில் முடித்தார்.