‘ஸ்மார்ட்’னா புத்திசாலி தானே? தோத்துட்டு எப்படிங்க ஸ்மார்ட் ஆவாங்க?

சேலத்து_அப்பா:

வணக்கம் மக்களே, சின்ன சந்தேகம் தான், ஆனா ரெண்டு நாளா மண்டைய குடையுது. என் பொண்ணு எட்டாவது படிக்கிறா, மிஸ் சொன்னாங்கன்னு தினம் இங்கிலீஷ் பேப்பர்ல விளையாட்டு பக்கத்த சத்தமா படிப்பா. முந்தாநேத்து ஒரு கிரிக்கெட் செய்தியில “ஸ்டில் ஸ்மார்ட்டிங் ஃப்ரம் தி டிஃபீட்”னு வந்துச்சு. அப்பா இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா. நானும் கெத்தா, தோத்ததுல பாடம் கத்துகிட்டு புத்திசாலி ஆயிட்டாங்கன்னு அர்த்தம் கண்ணுன்னு சொல்லிட்டேன். அடுத்த வரியிலயே கேப்டன் செம கடுப்புல இருக்காருன்னு போட்டிருக்கு. அவ என்ன பாத்தா பாருங்க ஒரு பார்வ, அதுக்கப்புறம் டிவி ரிமோட் கூட கேக்கல நான்.

எனக்கு தெரிஞ்ச ஸ்மார்ட் எல்லாம் ஸ்மார்ட் போன், ஸ்மார்ட் கிளாஸ், ரேஷன் கடை ஸ்மார்ட் கார்டு, அப்புறம் “பையன் பாக்க ஸ்மார்ட்டா இருக்கான்”. இதுல தோல்வி எங்கேருந்து வந்துச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க, வீட்ல மானம் போகுது.

டீக்கடை_பெஞ்ச்:

எங்க ஊர்ல சட்டைய இன் பண்ணி ஷூ போட்டா அவன் ஸ்மார்ட்டுண்ணே, பரிட்சையில எத்தன அரியர் இருந்தாலும் சரி. மத்தத அகராதி பாக்குற ஆளுங்க வந்து சொல்வாங்க, துண்ட போட்டு உக்காந்துட்டேன்.

அகராதிப்பூச்சி:

கூப்பிட்டீங்களா, வந்துட்டேன் :)

சார் உங்க மேல தப்பே இல்ல. நம்ம கைக்கு அந்த வார்த்தையோட வால் மட்டும் தான் வந்துச்சு, தலை வேற பக்கம் கெடக்கு. ஆதியில ஸ்மார்ட்னாலே வலி தான். பழைய ஆங்கிலத்துல சுரீர்னு வலிக்கிறதுக்கு, எரியிறதுக்கு இருந்த வினைச்சொல் அது. ஜெர்மன்ல வலிக்கு ‘ஷ்மெர்ட்ஸ்’ம்பாங்க, ரெண்டும் பங்காளிங்க. டச்சுக்காரங்களுக்கு இன்னிக்கும் ‘ஸ்மார்ட்’னா துக்கம், வேதனை, அழுகாச்சி பாட்டுக்கு அவங்க ஊர்ல ‘ஸ்மார்ட்லாப்’னே பேரு. ஆக உங்க கிரிக்கெட் வரிக்கு அர்த்தம், தோத்த எரிச்சல் இன்னும் அடங்கல, அவ்வளவு தான்.

அப்ப புத்திசாலி எப்படி வந்தான்னா, அடி சுரீர்னு விழுந்தா ஸ்மார்ட் அடி, பேச்சு சுருக்குன்னு தைச்சா ஸ்மார்ட் பேச்சு, அப்படி தைக்கிற மாதிரி பேசுறவனுக்கு மண்டையில சரக்கு இருக்கணும்ல, அவனும் ஸ்மார்ட் ஆயிட்டான். இது 1300 வாக்குலயே வந்தாச்சு. டிரெஸ் விஷயம் ரொம்ப லேட்டு, 1700க்கு மேல.

இதெல்லாம் வெள்ளக்காரன் கோளாறுன்னு நெனைக்காதீங்க, நம்ம கிட்டயும் இருக்கு. எங்க ஆத்தா என் தங்கச்சிய “சூட்டிகையான புள்ள”ம்பாங்க. சூடுங்கிறதுலேருந்து கெளம்பின சொல்லுன்னு தான் நான் நெனைக்கிறேன். அத விடுங்க, சுறுசுறுன்னு எரியுதுன்னும் சொல்றோம், சுறுசுறுப்பான பையன்னும் சொல்றோம்ல? எரியிறதுக்கும் வேகத்துக்கும் மூளைக்கும் எல்லா ஊர்லயும் ஒரே அடுப்பு போல.

தேம்ஸ்_நதிக்கரை:

நான் லண்டனிலை இருக்கிறன். இஞ்ச ஆரும் “யூ லுக் ஸ்மார்ட்” எண்டு சொன்னா மூளையைப் பற்றி இல்லை, உடுப்பைப் பற்றித்தான் கதைக்கினம். தலை இழுத்து, சப்பாத்து மினுக்கி, நல்ல துப்புரவா வந்திருக்கிறீர் எண்டு அர்த்தம். மூளை எண்டா ‘கிளெவர்’ எண்டுதான் பழைய ஆக்கள் சொல்லுவினம், இப்ப பெடியள் அமெரிக்கக்காரர் மாதிரி ஸ்மார்ட் எண்டும் சொல்லுறாங்கள். கலியாண அழைப்பில ‘ஸ்மார்ட் கஷுவல்’ எண்டு போட்டா டை வேண்டாம், ஆனா கிழிஞ்ச ஜீன்ஸும் வேண்டாம். அதுக்குள்ள என்னத்தைப் போடுறது எண்டு இருவது வருஷமா எனக்கும் விளங்கேல்லை.

தம்பி சொன்ன வலியும் இஞ்ச இன்னும் உயிரோடதான் இருக்கு. போன மாசம் மரக்கறி வெட்டேக்கை கையை வெட்டிப்போட்டன், கிளினிக்கில நர்ஸ் மருந்து பூச முன்னம் “திஸ் மைட் ஸ்மார்ட் எ பிட்” எண்டா. பூசினாப் பிறகு எனக்கு அந்தச் சொல் வடிவா விளங்கிச்சு.

மொழிபெயர்ப்பு_அக்கா:

இந்த ஒரு வார்த்தையால என் பொழப்பே நாறுது, அதனால கொஞ்சம் பெருசா எழுதுறேன், மன்னிச்சுக்கோங்க. போனுக்கு ‘திறன்பேசி’ன்னு ஒரு மாதிரி எல்லாரும் ஒத்துகிட்டாங்க. சிட்டிக்கு வந்தா தகராறு. 2015ல மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டி திட்டம் கொண்டு வந்தாங்களே, மொத்தம் 100 ஊரு, நம்ம தமிழ்நாட்டுல உங்க சேலமும் சேத்து 11. அத ஒரு எடத்துல ‘சீர்மிகு நகரம்’னு போடுறாங்க, இன்னொரு எடத்துல ‘பொலிவுறு நகரம்’னு போடுறாங்க. லண்டன் அண்ணா சொன்னத படிச்சதும் தான் எனக்கு பொறி தட்டுச்சு, பொலிவுங்கிறது அந்த உடுப்பு அர்த்தம்ல! அவங்க சென்சார், கேமரா, கன்ட்ரோல் ரூம்னு ஊருக்கு மூளை வெக்கிறத பத்தி பேசுறாங்க, நாம ஊருக்கு பவுடர் பூசி பொட்டு வெச்சு விட்டுட்டோம். (எங்க தெருவுல பவுடரும் வரல, அது தனி கத.)

2017ல ரேஷன் கார்டு மாறினப்ப ‘மின்னணு குடும்ப அட்டை’ன்னு பேரு வெச்சாங்க. நல்ல பேரு தான், ஆனா கடை க்யூவுல நின்னு பாருங்க, பாட்டிங்க கூட “ஸ்மார்ட் கார்டு எடுத்தாந்தியாடி”ன்னு தான் கேக்குறாங்க. நானே இப்ப ஒரு ஆப்ல ‘ஸ்மார்ட் ரிப்ளை’ங்கிறதுக்கு மூணு நாளா முட்டிகிட்டு இருக்கேன். அகராதிப்பூச்சி சொன்ன மாதிரி ‘சூட்டிகை பதில்’னு போடலாம்னு ஆச தான், சண்டைக்கு வர்ற மாதிரி கேக்குமோன்னு பயமா இருக்கு.

டல்லாஸ்_குப்புசாமி:

அக்கா, ‘சூட்டிகை பதில்’ போட்டா அமெரிக்காவுல கரெக்டா இருக்கும் :) நான் வந்த புதுசுல ஒரு கடையில வேலை பாத்தேன். மேனேஜர் ஏதோ கேக்க, நான் ஏதோ விளக்கம் சொல்ல, அவர் மூஞ்ச இறுக்கி வெச்சுகிட்டு “டோன்ட் கெட் ஸ்மார்ட் வித் மீ”ன்னாரு. நான் பல்லெல்லாம் தெரிய “தேங்க் யூ சார்”ன்னேன். பக்கத்துல நின்னவன் ஸ்டோர் ரூமுக்கு ஓடிப்போய் சிரிச்சான். வாய் ரொம்ப நீளுதுன்னு சொல்லியிருக்காருன்னு சாயந்தரம் தான் தெரிஞ்சுது. ‘ஸ்மார்ட் அலெக்’னா நம்ம அதிகப்பிரசங்கி, ‘ஸ்மார்ட் மவுத்’னா வாய்த்துடுக்கு. ஆக ‘ஷீ இஸ் ஸ்மார்ட்’ பாராட்டு, ‘ஷீ இஸ் பீயிங் ஸ்மார்ட்’ திட்டா கூட இருக்கலாம், குரல வெச்சு தான் கண்டுபிடிக்கணும்.

இன்னொன்னு, பொருளுக்கு மூளை வந்த கதை போன்ல ஆரம்பிக்கல, குண்டுல ஆரம்பிச்சுது. வியட்நாம்ல ‘தான் ஹோவா’ங்கிற ஊர்ல ஒரு பாலம், 1965லேருந்து அமெரிக்காக்காரன் குண்டு போட்டுகிட்டே இருந்தான், நகரவே இல்ல. 1972ல லேசர் வெளிச்சத்த பாத்து தானா திரும்பி போற குண்டு போட்டு தான் சாச்சாங்க. அந்த மாதிரி குண்டுக்கு பேரு ‘ஸ்மார்ட் பாம்’. அப்புறம் தான் கார்டு, போன், டிவி, இப்ப குப்பைத்தொட்டி வரைக்கும். சுத்தி சுத்தி வலியில தான் வந்து நிக்குது பாருங்க.

டீக்கடை_பெஞ்ச்:

ஆபீஸ்ல ‘ஸ்மார்ட் கோல்ஸ்’ எழுத சொல்லி உயிர வாங்குறாங்களே, அதுவும் இந்த வலி வகையறாவா?

அகராதிப்பூச்சி:

அது அஞ்சு வார்த்தையோட முதலெழுத்து, 1981ல ஜார்ஜ் டோரன்னு ஒருத்தர் எழுதின கட்டுரையிலேருந்து வந்தது. ஆனா அப்ரைசல் டைம்ல வலின்னு எடுத்துகிட்டாலும் தப்பில்ல.

சேலத்து_அப்பா:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நேத்து ராத்திரி தோசை சுடுறப்ப பொண்ணுகிட்ட மொத்தத்தையும் ஒப்பிச்சேன், லண்டன் அண்ணன் கை வெட்டின கதை வரைக்கும். முழுசா கேட்டுட்டு, “அப்ப மொளகா பொடி கண்ணுல பட்டா ஐ ஆம் ஸ்மார்ட்டிங்னு சொல்லணும், ஐ ஆம் ஸ்மார்ட்னு சொல்லக்கூடாது, கரெக்டாப்பா”ன்னா. கரெக்டுன்னேன். “நீங்க முந்தாநேத்து சொன்னது ரெண்டுலயும் சேராதுல்ல”ன்னா.

டல்லாஸ் தம்பி, இது எந்த வகை ஸ்மார்ட்டுப்பா?