புதுப்பிப்பு: பெருந்தமனி வீக்க அறுவை சிகிச்சையில் கால் செயலிழக்காமல் தடுத்தது

அப்பாவுக்கு மார்பு முதல் வயிறு வரை பெருந்தமனி (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) வீக்கம். அறுவை சிகிச்சையில் தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்து கால் செயலிழக்காமல் இருக்க டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். எல்லோருக்கும் நன்றி. அப்பா நடக்கிறார்.

‘தண்டுவட நீரை வடிக்கும் குழாய் பற்றிக் கேளுங்கள்’ என்ற யோசனைதான் கைகொடுத்தது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் குறைந்தால் அதற்கு ரத்தம் நன்றாகப் போகுமாம். கீழ்முதுகில் மெல்லிய குழாய் வைத்து, நீரின் அழுத்தத்தை 10 மி.மீ. பாதரச அளவை ஒட்டி வைத்திருந்தார்கள். மளமளவென்று வடித்தால் மூளையைச் சுற்றி ரத்தம் கசியுமாம். அதனால் மணிக்கு இவ்வளவுதான் என்று கணக்கு.

எதிர்பாராதது ஒன்று. மயக்கம் தெளிந்ததும் இரண்டு காலையும் ஆட்டியவருக்கு, மறுநாள் ரத்த அழுத்தம் இறங்கியபோது இடது கால் துவண்டுவிட்டது. உடனே மருந்து கொடுத்து சராசரி ரத்த அழுத்தத்தை (மேல், கீழ் எண்களுக்கு இடைப்பட்டது) 90-க்கு மேல் ஏற்றி, இன்னும் கொஞ்சம் நீரும் வடித்தார்கள். முதலில் கட்டைவிரல் அசைந்தது, அப்புறம் முழங்கால். அழுத்தம் இறங்கினால் கால் மறுபடி துவளலாம் என்பதால், பழைய பிரஷர் மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.