சின்னவனுக்கு இறால் ஆகாதா? எங்கள் குடும்பக் குழுவில் நேற்று இரவு

தங்கச்சி (நுவரெலியா): அக்கா, சின்னவனுக்கு இன்றைக்கு அலர்ஜி டெஸ்ட் எடுத்தோம், கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்துக் குத்திப் பார்ப்பார்களே, அது. பீனிசமும் இழுப்பும் விடவே மாட்டேன் என்கிறதே என்றுதான் போனோம். ரிப்போர்ட் ஃபோட்டோ மேலே போட்டிருக்கிறேன். இறால் பாசிட்டிவ், கரப்பான் பூச்சி பாசிட்டிவ், டஸ்ட் மைட் (தூசியில் இருக்குமே, கண்ணுக்குத் தெரியாத பூச்சி) பாசிட்டிவ். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

அம்மா: இனி இறால், நண்டு, கூனி, நெத்தலி, முட்டை ஒன்றும் கொடுக்காதே. சோறும் பருப்பும் போதும்.

தம்பி (கொழும்பு): நெத்தலியும் முட்டையும் நெகட்டிவ் என்று போட்டிருக்கிறதே அம்மா.

அம்மா: எல்லாம் சூடுதானே.

நான்: அம்மா, கொஞ்சம் பொறுங்கள். தங்கச்சி, டிசம்பரில் நீர்கொழும்பு போனபோது சின்னவன் இறால் சாப்பிட்டானே, அன்றைக்கு ஏதாவது ஆனதா?

தங்கச்சி: ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டான். வாந்தி இல்லை, தடிப்பு இல்லை, இழுப்பும் இல்லை. போன மாதம் தம்பி கொண்டுவந்த இறாலையும் சாப்பிட்டான். அப்போதும் ஒன்றும் இல்லை.

நான்: அதை டெஸ்ட் எடுத்தவர்களிடம் சொன்னாயா?

தங்கச்சி: யாரும் கேட்கவில்லை அக்கா.

நான்: அங்கேதான் பிழை. ரிப்போர்ட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மைட் 9 மி.மீ., கரப்பான் 5, இறால் 4, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த உப்புத் தண்ணீர் 0, ஹிஸ்டமின் (அலர்ஜி வரும்போது உடம்பில் சுரந்து தடிப்பை எழுப்பும் பொருள்) 6. குத்தி 15, 20 நிமிஷத்தில் எழும்பும் தடிப்பை அளந்து, உப்புத் தண்ணீர் வைத்த இடத்தை விட 3 மி.மீ. கூட இருந்தால் பாசிட்டிவ் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். சாப்பிட்டால் வருத்தம் வரும் என்று அது சொல்லவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் பாசிட்டிவ் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதே சாப்பாட்டை ஒரு தொல்லையும் இல்லாமல் சாப்பிடுகிறார்கள். நெகட்டிவ்தான் ஓரளவு நம்பக்கூடியது, 100க்கு 90, 95 சரியாக இருக்கும். என் மகளைப் பார்த்த டாக்டர் இதை எனக்கு இரண்டு தடவை சொன்னார், ஏனென்றால் நானும் முதலில் உன்னைப் போலத்தான் பயந்தேன்.

தம்பி (கொழும்பு): அப்படியென்றால் எப்போதாவது சாப்பிடுகிற இறாலை உடம்பு எப்படி அடையாளம் வைக்கும்? நம் ஊரில் யார் தினமும் இறால் சாப்பிடுகிறார்கள்?

நான்: நல்ல கேள்வி. இறால், கரப்பான், மைட் மூன்றின் தசையிலும் ட்ரோபோமயோசின் என்று ஒரே மாதிரி ஒரு புரதம் இருக்கிறது. நம் வீடுகள் மழையிலும் மூடுபனியிலும் ஈரமாகவே கிடக்கின்றன, மெத்தையிலும் கம்பளியிலும் மைட் பெருகுவதற்கு அதைவிட வேறென்ன வேண்டும். பிள்ளையின் உடம்பு மைட்டுக்குத் தயாராகி இருக்கும், இறாலைக் குத்தியபோதும் அதே புரதத்தைக் கண்டு கொஞ்சம் எழும்பியிருக்கும். 9க்கும் 4க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார். எனக்கென்னவோ இவனுடைய பீனிசம் இருப்பது அடுப்பங்கரையில் இல்லை, படுக்கையில்தான். ஆனாலும் இதை டாக்டர்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும், நான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளாதே.

மாமா (பொகவந்தலாவை): டெஸ்ட் எல்லாம் சும்மா காசு பிடுங்கும் வேலை பிள்ளை. எனக்கு கெலவல்லா மீன் சாப்பிட்டு முகமெல்லாம் சிவந்து, தலை வெடித்து, நெஞ்சு படபட என்று அடித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் அடங்கியது. அப்புறம் அந்த டெஸ்ட் எடுத்தால் மீனுக்கு நெகட்டிவ் என்கிறார்கள். கண்ணால் கண்டதைப் பொய் என்கிறதா அந்தத் தாள்?

நான்: மாமா, அன்றைக்கு மாமிக்கு ஏதாவது செய்ததா?

மாமி: எனக்கும் நாக்கு எரிந்தது பிள்ளை, மிளகு போட்ட மாதிரி. முகம் சூடாகித் தலையும் வலித்தது. நான் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டேன், படுத்து எழும்பினதும் போய்விட்டது. இவருக்குத்தான் கூட.

நான்: இரண்டு பேருக்கும் ஒரே சட்டி, ஒரே நேரம். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு அன்றைக்குத் திடீரென்று மீன் அலர்ஜி வருவது எவ்வளவு அபூர்வம்! கெலவல்லா, பலயா மாதிரி மீன்களைப் பிடித்த உடனே ஐஸில் வைக்காவிட்டால் கிருமிகள் மீனுக்குள்ளேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. கடலிலிருந்து நம் மலைக்கு மீன் வந்து சேருவதற்குள் என்னென்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அது நஞ்சு மாமா, அலர்ஜி இல்லை. டெஸ்ட் நெகட்டிவ் என்றது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் மாமிக்கும் எரிந்தது என்று டாக்டரிடம் சொன்னீர்களா?

மாமா (பொகவந்தலாவை): இல்லை. நான் தனியாகத்தானே போனேன்.

அத்தை (தலவாக்கலை): என் கையில் வருகிற சொறிக்கும் இந்த டெஸ்ட் எடுக்கலாமா? கையுறை போட்டால் கூடுகிறது.

நான்: அதற்கு இது இல்லை அத்தை. முதுகில் பட்டை ஒட்டி 2 நாள் வைத்திருந்து பார்க்கும் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது, தோல் டாக்டரிடம் கேளுங்கள்.

தங்கச்சி: அக்கா, உன் மகளுக்கு முதல் டெஸ்டில் ஒன்றுமே இல்லை என்று வந்ததாகச் சொன்னாயே?

நான்: அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும். டவுனில் ஒரு தனியார் இடத்தில் எடுத்தோம், எல்லாம் 0, அலர்ஜி இல்லை என்று தாள் கொடுத்தார்கள், நாங்கள் சந்தோஷமாகக் கேக் வாங்கிக்கொண்டு வந்தோம். 4 மாதம் பிள்ளை இரவில் மூச்சு முட்டி எழும்பினாள், நான் பனி, குளிர் என்று சமாளித்தேன். பிறகு வேறு டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார், முதல் வரியிலேயே விரலை வைத்தார். ஹிஸ்டமின் 0. ஹிஸ்டமின் யாருக்கும் எழும்ப வேண்டும், அது எழும்பாவிட்டால் அந்த டெஸ்டே செல்லாது என்றார். முதல் நாள் இரவு தடிமனுக்கு பாணி மருந்து கொடுத்திருந்தேன், அதில் பிரிட்டன் (Piriton) என்ற அலர்ஜிக் குளிசையில் இருக்கிற மருந்தும் கலந்திருந்தது, அது தடிப்பை எழும்ப விடாது. யாரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. செட்டிரிசின் மாதிரி அலர்ஜிக் குளிசைகளை ஏறத்தாழ ஒரு வாரம் நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும், அதுவும் டாக்டரைக் கேட்டு. அப்படிப் போன இரண்டாம் தடவை மைட் 7 மி.மீ. வந்தது. அந்த 4 மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

தங்கச்சி: இவனுக்கு ஹிஸ்டமின் 6, அப்போது டெஸ்ட் சரிதானே?

நான்: டெஸ்ட் சரி, அதை வாசித்த விதம்தான் சரியில்லை. சின்னவன் எந்த நாளில் என்ன சாப்பிட்டான், எவ்வளவு நேரத்தில் என்ன நடந்தது, எந்த நேரம் இழுக்கிறது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுது. சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரியில் வைத்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பார்கள், அதுதான் முடிவான பரீட்சை. வீட்டில் நாமே செய்து பார்க்கக் கூடாது. தடிப்பு பெரிதாக இருந்தால் வருத்தமும் பெரிதாக வரும் என்பதும் பிழை, அது வாய்ப்பைத்தான் கூட்டிக் காட்டும். எந்தச் சாப்பாட்டுக்கும் தொண்டை அடைத்தால், மூச்சு முட்டினால், குளிசை கொடுத்துக்கொண்டு நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

தம்பி (கொழும்பு): நம் பக்க டாக்டர் கடிதம் தந்தால் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் காட்டலாமா என்று நான் விசாரிக்கிறேன். அங்கே நோயெதிர்ப்புப் பிரிவு இருக்கிறது.

தங்கச்சி: சரி. வெள்ளிக்கிழமை கிளினிக், எழுதிக்கொண்டு போகிறேன். கம்பளிகளை நாளைக்கே சுடுதண்ணீரில் போடுகிறேன், வெயில் வந்தால்.

மாமா (பொகவந்தலாவை): பிள்ளை, அந்த மீன் வேன்காரன் ஐஸ் போட்டுத்தான் கொண்டுவருகிறானா என்று காலையில் கேட்கிறேன்.

அம்மா: இறாலை டாக்டர் சொல்லட்டும். முட்டை அவித்துக் கொடு, பிள்ளை மெலிந்துதான் இருக்கிறான்.