வாத்து சுட ஒரு பழைய டிவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. 90களில் அப்பா வாங்கித் தந்த வீடியோ கேம் பரணில் கிடைத்தது. 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல், அதே 60 பின் கேசட். சின்ன வயதில் வாயால் ஊதி ஊதிச் செருகியதில் பின்களில் பச்சை பூத்திருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தேன், மரியோ ஓடினான்! என் மகளுக்குத் தலைகால் புரியவில்லை.

வாத்து சுடும் துப்பாக்கிதான் எல்இடி டிவியில் வேலை செய்யவில்லை. உண்மையில் அது சுடுவதில்லை, பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும், வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். அந்த வெளிச்சம் துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் சென்சாரில் பட்டால் வாத்து விழும். பிக்சர் டியூப் டிவிக்கென்றே செய்த ஏற்பாடு. புது டிவியில் படம் துளி தாமதமாக வருவதால் கணக்கு தப்பிவிடுகிறது.

மதுரைப் பக்கம் யார் வீட்டிலாவது ஓடுகிற நிலையில் டியூப் டிவி இருக்கிறதா? 2006க்குப் பிறகு அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவியே போதும். பின்பக்கம் மஞ்சள் ஏவி பின் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், உரிய விலையும் தருகிறேன். டியூப் டிவி பழுது பார்க்கிறவர் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள்.