உவர்மலையில் ஒரே வளவில் நாலு வீடு, யோசனை தேவை

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் அம்மாவின் வளவு 40 பேர்ச். நாங்கள் நாலு பேரும் அதை நாலு துண்டாக்கி மதில் எழுப்பினால் கிணறும் மாமரமும் யாருக்கு? அதனால் நாலு சின்ன வீடு, ஒவ்வொன்றுக்கும் தனிக் குசினி. நடு முற்றம், விருந்தினர் அறை, பெரிய சாப்பாட்டு மண்டபம் பொதுவில் என்று யோசிக்கிறோம். டென்மார்க்கில் 1972 இலேயே 27 குடும்பங்கள் இப்படிக் குடியேறினவாம். (நாங்கள் நாலு பேரே சண்டையில்லாமல் இருப்போமோ தெரியாது!)

காணி உறுதிதான் தலையிடி. பொது முற்றத்தை யார் பெயரில் எழுதுவது? 1973 ஆம் ஆண்டின் தொடர்மாடி உடைமைச் சட்டம் தனித்தனி வீடுகளுக்கும் பொருந்துமா? ஒருவர் விற்பதென்றால் முதலில் மற்ற மூவரிடம் கேட்க வேண்டும் என்று உறுதியில் போடலாமா? அப்புறம், வாடைக்கால மழை உள்ளே அடிக்காதபடி முற்றம் வரையத் தெரிந்தவர் திருகோணமலைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.