மின்சாரம் திரும்பியதும் பேச மறுக்கும் ஸ்மார்ட் கருவிகள்: டர்பன் வட்டாரத்தவர்கள் எழுதிய அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து

வைஃபையில் இயங்கும் கீசர் சுவிட்ச் பழுதாகிவிட்டது என்று கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது. அந்தச் சுவிட்சுகளில் பெரும்பாலானவை நல்ல நிலையில்தான் இருக்கின்றன. சிக்கல், மின்சாரம் திரும்பி வரும் முதல் சில நிமிடங்களில் இருக்கிறது.

2023 இல் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங் (முறைவைத்து நடக்கும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது இதை எல்லோரும் பட்டோம். இப்போது அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் புயல் மழைக்கும் கேபிள் திருட்டுக்கும் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. திரும்பி வந்ததும் ஸ்மார்ட் பிளக் சில நொடிகளில் விழித்துக்கொண்டு வைஃபையைத் தேடும். இணையம் கொண்டுவரும் ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தயாராகச் சில நிமிடங்கள் ஆகும். தேடிக் களைத்த சில மலிவான கருவிகள், நாமாகத் தட்டி எழுப்பும் வரை மறுபடி முயல்வதே இல்லை.

எங்கள் வீட்டில் நடந்தது இன்னும் நுட்பமானது. விளக்குகளையும் கீசரையும் ஆளும் ஹப், பேட்டரி இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கிறது. ரூட்டர் வேறு அறையில் சாதாரண பிளக்கில் இருந்தது. மின்சாரம் போனபோது ஹப் அணையவில்லை, ரூட்டர் அணைந்துவிட்டது. திரும்ப எழுந்த ரூட்டருக்கு எந்தக் கருவிக்கு எந்த ஐபி முகவரி (வீட்டு வலையில் அதன் எண்) கொடுத்தோம் என்ற நினைவே இல்லை. 192.168.1.12 என்ற முகவரியைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்துவிட்டது. ஹப் அதே முகவரியைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா குளிர்ந்த நீரில் கை நனைத்துவிட்டு, "தம்பி, கீசர் செத்துப் போயிற்று" என்றார். ரூட்டரின் இணைப்புப் பட்டியலைத் திறந்தால் 12 க்கு நேராகத் தொலைக்காட்சியின் பெயர். ஹப்பின் அமைப்புப் பக்கத்திலும் அதே 12. தொலைக்காட்சியை அணைத்தேன். செயலியில் கீசர் உடனே பச்சையாக மாறியது.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, ரூட்டரில் ஹப், கீசர் சுவிட்ச், இன்வெர்ட்டர் ஆகிய ஒவ்வொன்றின் மேக் முகவரிக்கும் (கருவியில் பதிந்துள்ள அடையாள எண்) நிலையான ஐபி ஒதுக்கிவிடுங்கள். கருவிக்குள்ளே போய் எண்ணைத் தட்டுவதைவிட ரூட்டரில் ஒதுக்குவதே நல்லது. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், மோதல் வராது. இரண்டு, ஃபைபர் பெட்டியையும் ரூட்டரையும் ஒரே மினி யூபிஎஸ்ஸில் (சிறு பேட்டரிப் பெட்டி) போடுங்கள். இரண்டுக்கும் எத்தனை வோல்ட் என்று அடாப்டரில் படித்துப் பாருங்கள். 9 வோல்ட் ரூட்டரை 12 வோல்ட் துளையில் செருகினால் ரூட்டர் பழுதாகிவிடலாம்.

பீனிக்ஸிலிருந்து

அண்ணா சொன்னது சரி. என் தங்கை வீட்டில் தொல்லை வேறு இடத்தில் இருந்தது. புதிய ரூட்டர் வந்ததும் ஒரு பிளக்கைக்கூடச் சேர்க்க முடியவில்லை. ரூட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரை வைத்திருந்தது. பிளக்குகளுக்கு 2.4 மட்டுமே தெரியும். சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் 5 ஐ அணைத்தோம். அப்போதும் பாதிக் கருவிகள் வரவில்லை. வைஃபையின் பாதுகாப்பு முறை புதிய டபிள்யூபிஏ3 என்று இருந்தது. பழைய டபிள்யூபிஏ2 க்கு மாற்றியதும் எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன.

இதற்குக் குறுக்குவழியாகக் கருவிகளை விருந்தினர் வைஃபையில் தள்ளுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பெரும்பாலான ரூட்டர்களில் விருந்தினர் பக்கத்துக் கருவியோடு வீட்டுப் பக்கத்துக் கைபேசி நேராகப் பேச முடியாது. எல்லாக் கட்டளையும் இணையம் வழியாகச் சுற்றித்தான் வரும். ஃபைபர் அறுந்த அன்று, பக்கத்து அறை விளக்கைப் போடக்கூட முடியாது.

மியர்பேங்கிலிருந்து

கீசர் சுவிட்சை டிபி போர்டுக்குள் (வீட்டு பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் அந்தப் பெட்டி எதனால் ஆனது என்று பாருங்கள். எங்களுடையது பழைய இரும்புப் பெட்டி. கதவைத் திறந்தால் கருவி வேலை செய்யும், மூடினால் மறைந்துவிடும். செயலியில் சிக்னல் அளவு கதவு திறந்திருக்கும்போது -62, மூடியதும் -84. பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் நல்லது. -70 ஐத் தாண்டிக் கீழே போனால் அவ்வப்போது அறுந்துபோகும். நடைவழியில் வைஃபையை நீட்டிக்கும் மெஷ் பெட்டி ஒன்று வைத்தும் போதவில்லை. கடைசியில் சுவிட்சை இரும்புப் பெட்டிக்கு வெளியே தனிப் பிளாஸ்டிக் பெட்டியில் மாற்றினோம்.

அந்த மாற்றத்தைப் பதிவு பெற்ற மின் பணியாளர்தான் செய்தார். கீசர் 3 கிலோவாட் இழுக்கிறது, விளையாட்டுக் காரியம் கிடையாது. வீட்டை விற்கும்போது கேட்கும் மின் இணக்கச் சான்றிதழும் இருக்கிறது. தயவுசெய்து யூடியூப் பார்த்துக் கை வைக்காதீர்கள்.

டோங்காட்டிலிருந்து

சிறியதுதான், ஆனால் முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு முக்கியம். நள்ளிரவில் மின்சாரம் திரும்பியதும் எல்லா ஸ்மார்ட் பல்புகளும் முழு வெளிச்சத்தில் எரிந்தன. தாத்தா திருடன் என்று பயந்து எழுந்துவிட்டார். பல்பின் அமைப்பில், மின்சாரம் வந்ததும் முந்தைய நிலைக்குத் திரும்பு என்று ஒரு தேர்வு பல நிறுவனங்களின் பல்புகளில் இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

ஜிக்பீ (வைஃபை இல்லாமல் கருவிகள் பேசிக்கொள்ளும் கம்பியில்லா முறை) வைத்திருப்பவர்களுக்கு. ஜிக்பீயும் 2.4 இல்தான் பேசுகிறது. எங்கள் ஹப் ரூட்டரின் மேலேயே உட்கார்ந்திருந்தது, கதவு உணரிகள் நினைத்தபோதுதான் பதில் சொல்லும். ஹப்பை இரண்டு மீட்டர் தள்ளி வைத்ததிலேயே பாதி சரியாயிற்று. பிறகு வைஃபையை 1 ஆம் சேனலிலும் ஜிக்பீயை 25 ஆம் சேனலிலும் நிறுத்தினோம். 1 என்பது 2412 மெகாஹெர்ட்ஸ், 25 என்பது 2475. ஒன்றை ஒன்று தொடாது. ஜிக்பீ சேனலை மாற்றினால் சில உணரிகளை மறுபடி சேர்க்க நேரிடலாம், அதற்கு ஒரு ஞாயிறு காலையை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

தங்கை வீட்டுச் செய்திக்கு நன்றி தம்பி, அந்த விருந்தினர் வைஃபை விஷயத்தை நானும் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறேன். இன்னொன்று சேர்க்கிறேன். கீசருக்குக் கையால் போடும் சுவிட்சை யாரும் எடுத்துவிடாதீர்கள். அம்மாவுக்கு எந்தக் கைபேசியும் இல்லாமல் வெந்நீர் கிடைக்க வேண்டும். டிபி போர்டு கதவில் எந்த பிரேக்கர் கீசருடையது என்று பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் மெஷ் வைத்தபின் மாடி பல்புகள் பக்கத்துப் பெட்டியை விட்டுவிட்டுக் கீழே உள்ள பெட்டியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு பல்பையும் அணைத்துப் போட்டால் சரியாகிறது, அடுத்த மின்வெட்டில் மறுபடி அதே கதை. கருவியை ஒரு பெட்டியோடு கட்டிவைக்கும் வசதி உள்ள மெஷ்ஷை யாராவது பயன்படுத்தினால் எழுதுங்கள்.