டைனமோ லைட்: முன் பல்ப் நிண்டுபிடிக்குதில்ல, மழைக்குள்ள வெளிச்சமும் போகுது

ஆரையம்பதியான்:
விடிய 4.45க்கு ஆரையம்பதியில வெளிக்கிட்டு கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு டவுனுக்கு வேலைக்குப் போறன். பழைய 28 அங்குலச் சைக்கிள், முன் போர்க்கில போத்தல் டைனமோ (டயரில உருளுற வகை), மஞ்சள் பல்ப். முன் பல்ப் மாதத்துக்கு ஒண்டு போகுது. மாரி மழை துவங்கினா டைனமோ வழுக்கி லைட் மினுங்கி மினுங்கி அணையுது. வெளிநாட்டிலயிருந்து சில்லின்ட நடுவுக்குள்ளயே இருக்கிற ஹப் டைனமோ எடுப்பிக்கிறதா, இல்லாட்டி யூஎஸ்பி சார்ஜ் லைட்டோட நிக்கிறதா?

சாவி14:
தம்பி, சல்லி செலவழிக்க முந்தி பின் லைட்டைத் திறந்து பாருங்க. முன் பல்ப் அடிக்கடி போறதுக்கு அதுதான் முதல் காரணம். 6 வோல்ட் 3 வொட் டைனமோ அண்ணளவா அரை அம்பியர் தள்ளும். முன் பல்ப் 2.4 வொட், அதுக்கு 0.4 அம்பியர். பின் பல்ப் 0.6 வொட், 0.1 அம்பியர். ரெண்டும் எரிஞ்சாத்தான் கணக்கு ஒக்கும். பின் பல்ப் போயிருந்தா, இல்லாட்டி வயர் அறுந்திருந்தா, அந்த 0.1ம் முன் பல்புக்குள்ள ஏறும். கொஞ்சம் வேகமா மிதிச்ச உடனே இழை அறும்.

மறுகா டைனமோவின்ட உடம்பில என்ன அடிச்சிருக்கெண்டு வாசிங்க. 12 வோல்ட் 6 வொட் டைனமோவும் கடையில கிடக்கு, பார்த்தா ரெண்டும் ஒண்டுபோலதான் இருக்கும். அதுக்கு 6 வோல்ட் பல்ப் போட்டா நிலைக்காது.

மழைக்கு வழுக்குறது பெரும்பாலும் பூட்டின பிழை. டைனமோவின்ட நடு அச்சுக்கு நேரா ஒரு நூலைப் பிடிச்சு இழுங்க. அந்த நூல் சில்லின்ட அச்சுக் கம்பியில போய் முட்டணும். ஒரு விரல் அளவு விலகினாலும் உருளை டயரில உருளாம உரசும். சத்தம் கூடும், டயர்ப் பக்கம் தேயும், ஈரம் பட்டதும் வழுக்கும். உருளை முட்டுற இடம் டயர்ச் சுவரில வரி வரியா இருக்கிற பட்டி, ரிம் இல்ல. மவுண்டன் சைக்கிள் டயர் கனத்தில அந்தப் பட்டியே இல்ல. காத்துக் குறைஞ்ச டயரிலயும் பிடிக்காது. உருளையின்ட பல்லு மழுங்கியிருந்தா மேல மாட்டுற ரப்பர்த் தொப்பி ஒண்டு போடலாம்.

இன்னொண்டு, முன் போர்க்கில இருக்கிற பிடி இளகினா டைனமோ கம்பிக்குள்ள விழுந்து சில்லை இறுக்கும். ஆள் தலைகீழாப் போவார். பின் சில்லுக்குப் பூட்டுறது பத்திரம், வயர்தான் கொஞ்சம் நீளம் வேணும்.

கல்முனைக் காக்கா:
ஹப் டைனமோ நல்ல சாமான்தான், இல்லெண்டு சொல்லல்ல. வழுக்காது, சத்தமில்ல, மிதிக்கிறதும் லேசு. ஆனா உங்கட போர்க்குக்கு ஒக்குமா? ஹப் டைனமோ 100 மில்லிமீற்றர் அகலம், அச்சு 9 மில்லிமீற்றர். பழைய மொடல் போர்க் அநேகமா 90 சொச்சம்தான், அச்சு மாட்டுற வெட்டும் 8 மில்லிமீற்றர் அச்சுக்குரியது. போர்க்கை விரிக்கணும், வெட்டை அரத்தால ராவணும், ஓட்டை எண்ணிக்கை பார்த்துச் சில்லை புதுசாக் கம்பி கட்டணும். அந்தச் சல்லிக்கு லைட்டையே நல்லதா வாங்கலாம்.

யூஎஸ்பி லைட் பின்னுக்குச் சரி. டைனமோ நிண்டா லைட்டும் நிண்டிடும். நீங்க காலூன்றி நிக்கிற நேரத்திலதான் பின்னால பஸ் வரும். அதால முன்னுக்கு டைனமோ லைட், பின்னுக்குப் பற்றரி லைட்டும் ஒரு சிவப்பு ரிஃப்லெக்டரும். அப்ப பின் வயரே தேவையில்ல, முன்னுக்கு 6 வோல்ட் 3 வொட் பல்ப் ஒண்டு தனியாப் போதும்.

ஆரையம்பதியான்:
நன்றி காக்கா. மஞ்சள் பல்புக்குப் பதிலா எல்ஈடி போட்டா என்ன?

ரேடியோ_பட்டறை:
போடலாம், நேரடியா இல்ல. டைனமோ தாறது ஏசி மின்சாரம். அதை டிசியாக்க நாலு டயோட் வச்சு பிரிட்ஜ் கட்டணும். 1என்4007 எந்த ரேடியோக் கடையிலயும் இருக்கு, 1என்5819 எண்டா வோல்ட் இழப்புக் குறைவு. அதுக்குப் பிறகு 3 வொட் வெள்ளை எல்ஈடி ரெண்டைத் தொடராப் (ஒண்டுக்குப் பின் ஒண்டா) போடுங்க. 1 வொட் எல்ஈடி வாங்காதீங்க, அது 350 மில்லி அம்பியருக்கு மேல தாங்காது. சூடு இறங்க எல்ஈடிக்குப் பின்பக்கம் அலுமினியத் தகடு கட்டாயம். 1000 மைக்ரோஃபராட் கொண்டென்சர் ஒண்டும் போடுங்க. 16 வோல்ட் கொண்டென்சர் வேண்டாம், 50 வோல்டா எடுங்க. எல்ஈடி வயர் கழண்டா டைனமோ வோல்ட் பல மடங்கு ஏறும், சின்னது வெடிச்சிடும்.

பிரிட்ஜ் போட்டா ரெண்டு வயர் இழுங்க. சைக்கிள் உடம்பை எர்த்தா நம்பாதீங்க. பெயின்ட் ஒரு பக்கம், கறள் ஒரு பக்கம். கடல் காத்துக்கு செப்புக் கம்பி முனை பச்சை பூத்து, தொட்டா எரியும் விட்டா அணையும். முனையைச் சுரண்டி இறுக்கி வசிலின் பூசுங்க.

சாவி14:
வெளிச்சம் எங்க விழுதெண்டும் பாருங்க. சுவரிலயிருந்து 5 மீற்றர் தள்ளிச் சைக்கிளை நிமித்துங்க. ஒளியின்ட நடு, லைட் இருக்கிற உயரத்தின்ட பாதியில விழணும். அப்ப தெருவில 10 மீற்றர் தூரத்தில படும். தெருவில படுத்துக் கிடக்கிற கறுத்த மாடு அப்பதான் தெரியும். டோர்ச் மாதிரி வட்டமா அடிக்கிற லைட்டுல பாதி மரத்துக்குப் போகும், மிச்சம் எதிர வாறவன்ட கண்ணுக்கு.

ஆரையம்பதியான்:
இப்பதான் திறந்தன். மட்கார்ட் ஓட்டையில பின் வயர் வெட்டுப்பட்டுக் கிடக்கு. டைனமோவிலயும் 12 வோல்ட் 6 வொட் எண்டுதான் அடிச்சிருக்கு. பல்ப் 6 வோல்ட்.

ரேடியோ_பட்டறை:
அப்ப மூண்டு எல்ஈடி தொடராப் போடுங்க, ரெண்டில்ல.